புதுப்பிப்பு: கேட் சத்தம், நடுக்கம், வாசனை எண்ணெய்

மார்ச்சில் கேட்டிருந்தேன்: சின்ன வயதில் அப்பா குடித்துவிட்டு வந்து அடிப்பார், இன்றும் ராத்திரி கேட் சத்தம் கேட்டால் கை நடுங்குகிறது, எந்த வாசனை எண்ணெய் உதவும் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் லாவண்டர். தூக்கம் கொஞ்சம் வந்தது, நடுக்கம் போகவில்லை. அப்படியே கையில் தடவியதில் தோல் சிவந்து அரித்ததுதான் மிச்சம். (10 மி.லி. தேங்காய் எண்ணெய்க்கு 4 சொட்டு போதுமாம்.)

அடுத்து மல்லிகை. இதை எதிர்பார்க்கவில்லை. மூடியைத் திறந்ததுமே அழுகை. அடித்த மறுநாள் அப்பா அம்மாவுக்கு வாழை இலையில் மல்லிப்பூ கட்டி வாங்கி வருவார். முப்பது வருடமாக அதை மறந்திருந்தேன். வாசனை மூளையில் உணர்ச்சியும் நினைவும் இருக்கும் பகுதிக்கு நேரே போகிறது, அதனால்தான் என்றார் நான் போகும் மனநல ஆலோசகர். பாட்டிலைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டேன்.

பலித்தது, "எண்ணெயைத் தனியாக நம்பாதீங்க, ஆலோசகரிடம் போகும்போது கூட வெச்சுக்கோங்க" என்று ஒருவர் எழுதியதுதான். வெட்டிவேர் எண்ணெய், கைக்குட்டையில் ஒரே சொட்டு. கேட் சத்தம் கேட்டால் முகர்ந்தபடி மூச்சை மெதுவாக விட்டு, கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்வேன். முன்பு ஒரு மணி நேரம் நடுங்கும், இப்போது பத்து நிமிடத்தில் அடங்குகிறது. பாதி எண்ணெய், பாதி பழக்கம் என்று நினைக்கிறேன்.

ஆலோசகர் கிடைக்காதவர்களுக்கு: 14416, டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி எண்), இலவசம், தமிழிலும் பேசலாம்.