கார் கொட்டில் ஆடுகிறது, மூலைக்கு முட்டு வைத்தால் போதுமா?

வணக்கம் உறவுகளே. வல்வெட்டித்துறையில் கடற்கரைக்குக் கிட்ட வீடு. போன மாதம் 20 அடிக்கு 12 அடியில் இரும்புக் கார் கொட்டில் போட்டோம். ஆறு தூண், மேலே தகரம், நாலு பக்கமும் திறப்பு. ஒரு தூணைத் தள்ளினால் முழுச் சட்டமும் இணைகரமாகச் சரிகிறது! மூலைக்கு மூலை சாய்வாகப் போகும் சட்டம் ஒன்றுகூட இல்லை. இரும்பை வெல்டிங் செய்து ஒட்டின தம்பியோ, "தகரம் பிடிக்கும் அண்ணை" என்கிறார்.

நீளப்பக்கத்தில் பெருக்கல் குறிபோல இரண்டு கம்பி கொடுக்கலாம் (மெல்லிய கம்பி இழுவையை மட்டுமே தாங்கும், ஒன்று போதாது). கார் நுழையும் வாசலில் அது சரிவராதே. அங்கே தூணும் வளையும் (தூண்களுக்கு மேலே கிடையாகப் போகும் சட்டம்) சேரும் மூலையில் 45 பாகையில் முட்டுச் சட்டம் போதுமா? எவ்வளவு நீளம்? காற்று கீழிருந்தும் தூக்குமே, தூணின் அடித்தகட்டை நிலத்தோடு பிடிக்கும் போல்டையும் மாற்றவேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கோ. மாரிக்கு முன்னம் முடிக்கவேண்டும்.