ரீப்ளேஸ் போட்டும் ஊர்ப் பெயர் மாறவில்லை: பைதனில் ஸ்ட்ரிங்கை எப்படித் திருத்துவது?

வவுணதீவுப் பிள்ளை:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அப்பா உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாயும் ஒரு வட்டையில் (வயல்வெளியில்) வட்டவிதானை, அதாவது தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்ப்பவர். வாய்க்காலில் தண்ணீர் விடும் நாளையும் கூட்டம் நடக்கும் நாளையும் இதுவரை சைக்கிளில் வீடு வீடாகப் போய்த்தான் சொல்லி வந்தார். இப்போது முழங்கால் வலி. இந்தச் சிறுபோகத்துக்கு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் எஸ்எம்எஸ் போகிற மாதிரிச் செய்து தருகிறேன் என்று அவருக்குச் சொல்லிவிட்டேன்.

412 விவசாயிகளின் பட்டியல் சிஎஸ்வி கோப்பாக இருக்கிறது. பாதி, பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்ததை யுனிகோடுக்கு மாற்றியது. மீதி, அப்பாவின் கொப்பியைப் பார்த்து நான் போனில் அடித்தது. ஊர்ப் பெயர்களில் எழுத்துப் பிழை நிறைய. அதைத் திருத்த இப்படிப் போட்டேன் (இங்கே தமிழில் எழுதுகிறேன், கட்டளைகளை ஆங்கிலத்தில்தான் அடித்தேன்):

ஊர் = "கொக்கட்டிசோலை"
ஊர்.ரீப்ளேஸ்("சோலை", "ச்சோலை")
பிரின்ட்(ஊர்)

பிழை ஒன்றும் காட்டவில்லை. ஆனால் திரையில் வருவது பழைய "கொக்கட்டிசோலை"தான். தொலைபேசி எண்ணில் முதல் 0 ஐ எடுத்துவிட்டு 94 போடலாம் என்று எண்[0] = "94" என்று எழுதினால் டைப்எரர் வருகிறது. ஸ்ட்ரிங்குக்குள், அதாவது எழுத்துச் சரத்துக்குள், ஒன்றை மாற்றி வைக்க முடியாதாம். லிஸ்டில் இதே வேலை நடக்கிறதே, ஸ்ட்ரிங்கில் ஏன் நடக்கவில்லை? இரண்டு இரவாக இதோடு இருக்கிறேன்.

கல்முனைத் தம்பி:

அக்கா, பைதனில் ஸ்ட்ரிங் மாறவே மாறாது. ரீப்ளேஸ் புதிதாக ஒரு ஸ்ட்ரிங் செய்து தரும். அதை நீங்கள் வாங்கி வைக்கவில்லை.

ஊர் = ஊர்.ரீப்ளேஸ்("சோலை", "ச்சோலை")

இவ்வளவுதான். ஸ்ட்ரிப், அப்பர், லோவர் எல்லாம் இதே மாதிரிதான். ஒரு விஷயம்: சரியாக எழுதியிருக்கிற பெயரிலும் இது இன்னொரு ச் போட்டுவிடும். அதனால் முழுப் பெயரையும் கொடுத்து மாற்றுங்கள்.

வவுணதீவுப் பிள்ளை:

நன்றி தம்பி, மாறிவிட்டது! முழுப் பெயரையே கொடுத்தேன். ஆனால் 31 வரிகளில் இன்னும் மாறவில்லை. கண்ணுக்கு அதே "கொக்கட்டிசோலை"தான். முன்னால் பின்னால் இடைவெளி இருக்கிறதா என்றும் பார்த்தேன், இல்லை. இன்னொன்று, ஒரே பெயரில் பலர் இருப்பதால் தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுகிறேன். தகப்பன்[0] என்று எடுத்தால் சின்னத்தம்பிக்கும் சந்திரசேகரத்துக்கும் "ச" என்றே வருகிறது. "சி" எங்கே போனது?

ஆரையம்பதி ரீச்சர்:

மகள், நல்ல கேள்வி. உயர்தரப் பிள்ளைகளுக்கு ஐசிடி படிப்பிக்கிறேன். ரீப்ளேஸ் போட்டுவிட்டு மாறவில்லை என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு பிள்ளை கொப்பியோடு வந்து நிற்கும். அவர்களுக்குச் சொல்வதையே உனக்கும் சொல்கிறேன்.

காணி உறுதியை நினைத்துப் பார். அதில் ஒரு பெயர் பிழையாக இருந்தால் பிளேடால் சுரண்டித் திருத்த முடியுமா? நொத்தாரிசிடம் போய்ப் பிழைதிருத்த உறுதி எழுத வேண்டும். பழையது அப்படியே இருக்கும். எண்[0] = "94" என்று நீ எழுதியது சுரண்டுகிற வேலை, பைதன் விடாது. ரீப்ளேஸ் புது உறுதி எழுதித் தந்தது, நீ அதை நொத்தாரிசின் மேசையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டாய். தம்பி சொன்ன சமன் குறிதான் அதை வீட்டுக்குக் கொண்டுவருவது.

ஏன் இப்படி வைத்தார்கள் என்றால், சாவி ஒன்றுக்கு மதிப்பு ஒன்று என்று சேர்த்து வைக்கும் டிக்ஷனரியில் ஸ்ட்ரிங்கைச் சாவியாகப் போடுகிறோம் அல்லவா? அந்த ஸ்ட்ரிங்கிலிருந்து ஹாஷ் என்று ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அதை வைத்துத்தான் மதிப்பு எந்த இடத்தில் கிடக்கிறது என்று பைதன் கண்டுபிடிக்கிறது. சாவி உள்ளுக்குள்ளேயே மாறிப்போனால் போட்ட பொருள் எடுபடாது. லிஸ்டைச் சாவியாகப் போட்டுப் பார், மறுத்துவிடும்.

எண்ணுக்கு வருவோம். கோப்பை எக்செலில் திறந்து சேமித்திருந்தால் முன்னால் இருக்கும் 0 பல வரிகளில் போயிருக்கும், கவனி. 0 இல்லாத எண்ணில் முதல் இலக்கத்தை வெட்டினால் 77 இல் ஒரு 7 போய்விடும். ஆகவே இடைவெளியையும் கோட்டையும் ரீப்ளேஸால் நீக்கிவிட்டு, பின்னாலிருந்து 9 இலக்கத்தை எடு:

எண் = "94" + எண்[-9:]

0 இருந்தாலும் இல்லாவிட்டாலும், 94 ஏற்கெனவே இருந்தாலும் சரியாக வரும். 9 இலக்கத்துக்குக் குறைந்ததை மட்டும் வேறாக எழுதி வை.

இனி அந்த 31 வரிகள். உன் பட்டியலின் பாதி பாமினியிலிருந்து வந்தது என்று வாசித்ததுமே எனக்குச் சந்தேகம். யுனிகோடில் "கொ" என்பதை இரண்டு விதமாக எழுதலாம். க வோடு ஒற்றைக் குறியாக ொ வரலாம். அல்லது ெ, ா என்று இரண்டு குறிகள் தனித்தனியாக வரலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, பைதனுக்கு அவை வேறு வேறு ஸ்ட்ரிங். சரியாக எழுதிய "கொக்கட்டிச்சோலை"யை நீளம் சொல்லும் ளென் போட்டு எண்ணிப் பார்: 15 வரும். பிரிந்து கிடந்தால் கொ, சோ இரண்டாலும் 17 வரும். யுனிகோட்டேட்டா என்ற மொடியூலில் நார்மலைஸ் இருக்கிறது. அதற்கு "என்எஃப்சி" என்று கொடுத்தால் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும். கோப்பை வாசித்ததும் முதல் வேலையாக இதைச் செய், பிறகு ரீப்ளேஸ். இதுவும் புது ஸ்ட்ரிங்தான் தரும், வாங்கி வைக்க மறக்காதே.

"சி" போன கதையும் இதிலிருந்து வருவதுதான். பைதன் எண்ணுவது நம்முடைய எழுத்தை அல்ல, யுனிகோட் குறிகளை. "சி" என்பது ச வும் ி யும், [0] என்றால் ச மட்டும். மட்டக்களப்பு என்று எழுதினால் நமக்கு 8 எழுத்து, ளென் 12 என்று சொல்லும். முதலெழுத்துக்கு ஓப்பன்-தமிழ் நூலகத்தில் கெட்_லெட்டர்ஸ் இருக்கிறது. அது "சி", "ன்", "ன" என்று நம் எழுத்தாகவே பிரித்து லிஸ்டாகத் தரும். லிஸ்டுக்குள் வேண்டியதை மாற்றலாம், பிறகு ஜாயின் போட்டு மறுபடி ஸ்ட்ரிங் ஆக்கலாம். தமிழ்ப் பெயர்களை [0], [:3] என்று வெட்டாதே மகள். மனிதருடைய பெயர், எழுத்து உடைந்து போகக் கூடாது.

ஆனால் எஸ்எம்எஸ் நீளத்துக்கு ளென் சொல்வதையே எடு. தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 70 குறிகள்தான் கொள்ளும், அது குறிகளைத்தான் எண்ணும்.

அக்கரைப்பற்றான்:

ரீச்சர் சொன்னதோடு ஒன்று. செய்தியை லூப்பில் += போட்டு ஒட்டிக்கொண்டே போகவேண்டாம் தங்கச்சி. ஸ்ட்ரிங் மாறாததால் ஒவ்வொரு தரமும் அதுவரை சேர்ந்ததையெல்லாம் பிரதி எடுக்க வேண்டிவரும். பைதன் சில இடங்களில் அதைத் தவிர்க்கப் பார்க்கும், நம்பியிருக்க முடியாது. துண்டுகளை லிஸ்டில் அப்பெண்ட் செய்து கடைசியில் ஒரே ஜாயின். 412 பேருக்கு வித்தியாசம் தெரியாது. நான் ஒரு கடையின் மூன்று வருஷ பில்களை இப்படி ஒட்டப்போய், மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்தும் ஓடிக்கொண்டிருந்தது. ஜாயினுக்கு மாற்றியதும் சில விநாடியில் முடிந்தது.

வவுணதீவுப் பிள்ளை:

ரீச்சர், நீங்கள் சொன்னதேதான். அந்த 31 வரிகளும் பாமினிப் பாதியில் இருந்தவை, ளென் போட்டால் எல்லாம் 15. ச், அதாவது ச வும் புள்ளியும், இல்லாததால் 17 இல் இரண்டு குறைகிறது என்று கணக்குப் பார்த்ததும் விளங்கியது. நார்மலைஸ் போட்ட பிறகு எல்லாம் திருந்திவிட்டன. சின்னத்தம்பிக்கு "சி" வந்துவிட்டது. நானா, லூப்பையும் ஜாயினுக்கு மாற்றிவிட்டேன்.

இன்று காலையில் அப்பாவின் போனுக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்பிப் பார்த்தேன். 64 குறி, ஒரே எஸ்எம்எஸ்ஸாகப் போனது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். 5 பேரின் எண்ணில் 8 இலக்கம்தான் இருக்கிறது, அவற்றைத் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பின்னேரம் கன்னன்குடாப் பக்கம் போகும்போது கேட்டு வருகிறாராம்.