வெயிலைச் செடி நினைவில் வைத்திருக்குமா?

மாடித்தோட்டம்_வேலூர்: நிழல்வலைக்குள்ளேயே வளர்ந்த தக்காளி நாற்றைக் கத்தரி வெயிலில் ஒரே நாளில் வெளியே வைத்தேன். மதியத்துக்குள் இலை ஓரமெல்லாம் வெளுத்து, தொட்டால் காகிதம் மாதிரி நொறுங்கியது. பத்து நாள் காலை வெயில் காட்டிப் பழக்கிய தட்டு மட்டும் தப்பியது. செடிக்கு ஞாபகம் இருக்கிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கரிசல்காடு: இது பத்தாதுங்க. வெயில் பட்டால் இலை தடிக்கும், மேல் மெழுகு கூடும். உடம்பு மாறினதை ஞாபகம்னு சொல்ல முடியாது. சூடு பட்டதும் செல்லுக்குள் வெப்ப அதிர்ச்சிப் புரதம் உருவாகி, குலையப் போற மற்ற புரதங்களைத் தாங்கிப் பிடிக்கும். அது மிச்சம் இருக்கிறவரை செடி தாக்குப்பிடிக்கும். நேற்று வடித்த கஞ்சி பானையில் மிச்சம் இருக்கு, அவ்வளவுதான்.

செம்பருத்தி: அவ்வளவுதான் என்று விட முடியாது. அரபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் செடிக்கு நேராக 44 டிகிரி காட்டினால் சாகிறது. முதலில் 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து ஆறவிட்டால் அதே 44-ஐத் தாங்குகிறது. இப்போது ஹெச்எஸ்எஃப்ஏ2 என்ற மரபணு பழுதான செடியை எடுங்கள். 37 முடிந்த சில மணி நேரத்தில் 44 காட்டினால் அதுவும் மற்றதைப் போலவே தாங்கும். இரண்டு நாள் கழித்துக் காட்டினால் மற்றது பிழைக்கும், இது கருகும். கற்றது கெடவில்லை, தக்கவைப்பதுதான் கெட்டது. தக்கவைக்கவே ஒரு மரபணு இருக்கும்போது வேறு என்ன பெயர் வைப்பது?

கரிசல்காடு: அந்தச் சோதனை வலுவானது, ஒத்துக்கறேன். ஆனா அது சில நாள் கணக்கு. என் கவலையே வேற. "வெயிலில் பழகின செடியோட விதை, பிள்ளைச் செடியும் தாங்கும்"னு ஒருத்தர் சொல்லி வாங்கி, பூவெல்லாம் உதிர்ந்து நின்னவன் நான். டிஎன்ஏ சுற்றியிருக்கிற புரதத்தில் வெப்பம் பதிக்கிற வேதிக் குறியெல்லாம் பெரும்பாலும் விதைக்குப் போய்ச் சேராது. மகரந்தமோ இலையைவிடச் சீக்கிரம் சூட்டில் கெடும். ஞாபகம்ங்கிற சொல்லை நம்பித்தான் ஏமாந்தேன்.

செம்பருத்தி: உங்கள் நஷ்டம் நியாயமானது அண்ணா. விதை விஷயத்தில் உங்கள் பக்கம்தான். ஆனால் கஞ்சி தானாகக் கரைவதில்லை. நீங்கள் சொன்ன வெப்ப அதிர்ச்சிப் புரதங்களில் ஒன்றான ஹெச்எஸ்பி21-ஐ உடைக்க எஃப்டிஎஸ்ஹெச்6 என்ற நொதி இருக்கிறது. அது இல்லாத செடியில் அந்தப் புரதமும் வெப்பத் தாங்குதிறனும் கூடுதல் நாள் நிற்கின்றன. மறக்கவும் செடி ஆள் வைத்திருக்கிறது.

மாடித்தோட்டம்_வேலூர்: அப்போ பழக்கின நாற்று ஒரு வாரம் மழை மூட்டத்தில் இருந்துவிட்டால்?

கரிசல்காடு: மறுபடி காலை வெயிலில் இருந்து ஆரம்பிங்க.