துளையில்லாத கல்லும் செம்புக் கம்பியும்: அனுபவப் பகிர்வு

கோவையிலிருந்து:

அம்மாவின் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கூழாங்கல் இருக்கும். தாமிரபரணிக் கல். அம்பாசமுத்திரத்து வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பிய அன்று காலை, ஆற்றில் குளித்துவிட்டு வரும்போது முந்தானையில் முடிந்துகொண்டு வந்தது. கோலிக்குண்டை விடச் சற்றுப் பெரியது, சாம்பல் நிறம், நடுவில் வெள்ளையாக ஒரு கோடு. அதைப் பதக்கமாக்கி அம்மாவுக்குக் கொடுக்கத்தான் நான் வயர் ராப்பிங், அதாவது கம்பியை வளைத்துச் சுற்றி நகை செய்யும் வேலை, கற்கவே ஆரம்பித்தேன். நகைக்கடையில் கேட்டதற்கு, துளை போட்டால் உடைந்தாலும் உடையும் என்றார்கள். எனக்கும் அந்தக் கல்லில் துளை போட மனம் வரவில்லை. இந்த வேலையில் துளை வேண்டாம், பசை வேண்டாம், பற்றவைப்பும் வேண்டாம். கம்பியே கல்லைப் பிடித்துக்கொள்ளும்.

மோட்டார் வைண்டிங் கடையில் செம்புக் கம்பி எடை போட்டு வாங்கினேன். ரவுண்ட் நோஸ் பிளேயர், முனை தட்டையான பிளேயர், கட்டர், அவ்வளவுதான் சாமான். முதல் ஒரு மாதம் வெறும் வளையம் வளைத்தேன். பிளேயரின் முனை கூம்பாக இருப்பதால், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பிடித்தால்தான் ஒரே அளவு வளையம் வரும். பிளேயரில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். அதன் பிறகுதான் வளையங்கள் ஒன்றுபோல் வந்தன.

செம்பை வளைக்க வளைக்க இறுகும். இது தெரியாமல் ஒரே இடத்தை நாலு தடவை நிமிர்த்தி நிமிர்த்தி வளைத்தேன், பட்டென்று முறிந்துவிட்டது. அண்ணிக்குச் செய்த செம்புத் தோட்டில் அதைவிடப் பெரிய தப்பு. வெட்டிய முனையைத் தேய்க்காமல் விட்டதால் காது புண்ணாகிவிட்டது. பாவம், ஒரு வாரம் சொல்லாமலே போட்டிருந்தார். இப்போது காதுக்குள் போகும் கொக்கிக்கு வெள்ளிக் கம்பிதான் வாங்குகிறேன், முனையை விரலில் உரசிப் பார்க்காமல் யாருக்கும் கொடுப்பதில்லை.

சரி, கல்லுக்கு வருகிறேன். முதலில் இரண்டு கம்பியைக் குறுக்கே சுற்றினேன். ஆற்றில் உருண்டு வழவழப்பான கல், நழுவி விழுந்துவிட்டது. அடுத்த தடவை மூன்று கம்பி எடுத்து, மெல்லிய கம்பியால் இரண்டு இடத்தில் ஐந்தைந்து சுற்றுச் சுற்றிக் கட்டி, கூடு மாதிரி விரித்துக் கல்லை உள்ளே வைத்தேன். அப்போதும் ஆடியது. கடைசியில், கல்லின் பின்பக்கம் போகும் கம்பியைப் பிளேயர் நுனியால் பிடித்து லேசாக ஒரு நெளிவு கொடுத்தேன். நெளிந்த அளவுக்குக் கம்பி நீளம் குறைய, கூடு கல்லைக் கவ்விக்கொண்டது. காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன், சத்தமே இல்லை. வெள்ளைக் கோட்டை மட்டும் எந்தக் கம்பியும் மறைக்காமல் விட்டிருந்தேன்.

அம்மா அதைக் கழுத்தில் போட்டுக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, இடுப்பில் செருகும் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டாள். நடக்கும்போது சாவியோடு கல்லும் உரசுகிற சத்தம் இப்போது வீடு முழுக்கக் கேட்கிறது. உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

திருப்பூரிலிருந்து:

அம்மிணி, நான் முப்பது வருசம் மோட்டார் வைண்டிங் வேலை பார்த்தவன். இப்போது பேத்திக்காக இதைச் செய்கிறேன். புதிதாக வருபவர்கள் கம்பி வாங்கும்போது ஒரு விசயத்தில் ஏமாறுகிறார்கள். கேஜ் என்பது கம்பியின் கனத்தைச் சொல்லும் எண், எண் கூடக் கூடக் கம்பி மெலியும். இணையத்தில் வீடியோ பார்த்து 20 கேஜ் என்று எழுதிக்கொண்டு வருவார்கள். அங்கே சொல்வது பெரும்பாலும் அமெரிக்கக் கேஜ், அதில் 20 என்றால் சுமார் 0.81 மில்லிமீட்டர். நம் வைண்டிங் கடைகளில் புழங்குவது எஸ்.டபிள்யூ.ஜி. என்கிற பிரிட்டிஷ் கேஜ், இதில் 20 என்றால் 0.91. கை வலிக்கிறது, வளைய மாட்டேன் என்கிறது என்பார்கள். 20-க்குப் பதில் 21 கேளுங்கள், 24-க்குப் பதில் 25, 28-க்குப் பதில் 30. கிட்டத்தட்ட அதே கனம் கிடைக்கும்.

இன்னொன்று, வைண்டிங் கம்பி மேல் எனாமல் பூச்சு உண்டு. பார்த்தால் தெரியாது. அது இருக்கும் வரை செம்பு சீக்கிரம் கறுக்காது, நல்லதுதான். ஆனால் பிளேயர் பட்ட இடத்தில் உரிந்து திட்டுத் திட்டாகத் தெரியும். அதற்காக அடுப்பில் காட்டி எரிக்காதீர்கள், அந்தப் புகை ஆகாது. எமரித் தாளால் பொறுமையாக உரசி எடுங்கள். பூச்சில்லாத கம்பி இறுகிவிட்டால் மட்டும் தீயில் மங்கலாகச் சிவக்கும் வரை காட்டித் தண்ணீரில் போடலாம், திரும்ப இளகிவிடும். மேலே படியும் கருப்புக்குப் புளி போதும், குத்துவிளக்குத் தேய்க்கிற மாதிரிதான்.

கும்பகோணத்திலிருந்து:

அக்கா, எனக்குச் சொல்லிக் கொடுத்தது எங்கள் பாட்டி. பாட்டிக்குக் கம்பி வேலை தெரியாது, கோலம் தெரியும். முழங்கால் வலியால் இப்போது வாசலில் உட்கார முடிவதில்லை. பாட்டி போடும் சிக்குக் கோலத்தைக் கம்பியில் செய்து சுவரில் மாட்டலாம் என்று தோன்றியது. பலகையில் புள்ளிக்குப் புள்ளி சின்ன ஆணி அடித்து, அதைச் சுற்றிக் கம்பியை ஓட்டினேன்.

மூன்றுக்கு மூன்று நேர்ப்புள்ளி வைத்தேன். எப்படிச் சுற்றினாலும் பாதியிலேயே தொடங்கிய இடத்துக்கு வந்து நின்றது. மூன்று தடவை கம்பியை வெட்ட வேண்டியிருந்தது. பாட்டி பார்த்துவிட்டு, "இன்னொரு வரிசை சேருடி, ஒரே இழையில் வரும்" என்றாள். மூன்றுக்கு நாலு, பன்னிரண்டு ஆணி. அரை மீட்டர் கம்பி வெட்டாமல் ஓடி, முனையும் முனையும் சேர்ந்தன. குறுக்கே போகும் இடங்களை மட்டும் மெல்லிய கம்பியால் கட்டினேன்.

பாட்டி அதை மடியில் வைத்துக்கொண்டு ஆள்காட்டி விரலால் இழையைத் தொட்டுக்கொண்டே போனாள். எங்கும் விரலை எடுக்கவில்லை. ஒரு மூலையில் மட்டும் நின்று, இங்கே வளைவு உருண்டையாக வரவில்லை, முறுக்கிக்கொண்டு நிற்கிறது என்றாள். உண்மைதான், அந்த இடத்தில் என் விரலுக்குக் கம்பி அடங்கவே இல்லை. திருப்பூர் ஐயா சொன்னதைப் படித்த பிறகுதான் புரிகிறது, நான் கடையில் கேட்டு வாங்கியது 20. நாளைக்கே 21 வாங்கி வந்து திரும்பச் சுற்றப் போகிறேன். ஆணிகளை இன்னும் பிடுங்கவில்லை.