ஒரே விலங்கு, வேறு வேறு ஒளி: உங்கள் அனுபவம் என்ன?

காப்பித்தோட்டம்:
ஏற்காட்டின் நாகலூர் சாலையில், சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் நின்ற காட்டெருமையை வண்டியை விட்டு இறங்காமலேயே படமெடுத்தேன். சூரியன் அதற்குப் பின்னால் இருந்ததால் உடல் முழுவதும் கருநிழலாகி, முதுகின் விளிம்பில் மட்டும் பொன்கோடு ஓட, மூக்கிலிருந்து வந்த ஆவி தீயைப் போல ஒளிர்ந்தது. பனிமூட்டம் சூரியனை மூடியதும் எடுத்த அடுத்த படத்தில் அது சாதுவான வீட்டு மாடாகத் தெரிகிறது. முதல் படத்தைப் பார்த்த என் அத்தை "பாய வருகிறதே!" என்று பதறினார், அடுத்ததற்குப் "பாவம்" என்றார். இரண்டிலும் அது அசைதான் போட்டுக்கொண்டிருந்தது. எதைச் சட்டமிட்டு மாட்டுவது?

மலைப்பாதைவாசி:
ஒளிக்கு நீங்கள் தரும் புகழ் மிகுதி. ஆவியை உண்டாக்கியது சுமார் 1500 மீட்டர் உயரத்தின் குளிர். கொண்டை ஊசி வளைவு ஒன்றில், குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த குரங்கை உச்சிவெயிலில் எடுத்தேன். புருவத்தின் நிழல் விழுந்து கண்கள் இரண்டும் கருங்குழிகளாகிவிட்டன. வீட்டில் எல்லோரும் "திருட்டு முழி" என்கிறார்கள், முழியே தெரியாத படத்தில்!

செவ்வாய்ப்பேட்டையார்:
முந்தையவர் ஒளியின் பங்கை மறுத்துவிட்டு, அதற்கே சான்றாகத் தம் குரங்கைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். ஆவியின் நுண்துளிகள் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கியே சிதறடிப்பதால், வெயில் பின்னாலிருந்து வந்து, பின்னணியும் இருண்டிருந்தால்தான் அது அப்படிச் சுடர்விடும். என் கதை சிறியது: சேலம் மூக்கனேரியில் நான் எடுத்த வெண்கொக்கு, மழையில் நனைந்து வாடியதுபோல் சாம்பல் நிறத்தில் வந்தது. கேமராவின் ஒளிமானி எதையும் நடுத்தரச் சாம்பலாக்கவே பார்க்கும். ஆகவே படம் முழுவதும் கொக்கு நிறைந்திருந்தால் ஏறத்தாழ ஒரு ஸ்டாப் (அதாவது ஒளியளவை இரு மடங்காக) கூட்டுங்கள். காட்டெருமைக்கு அதே அளவு குறைத்தால்தான் கருமை கருமையாக நிற்கும். படத்தின் நிறச்சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டால், விடியலின் செம்மையைக் குறையென்று எண்ணிக் கேமரா திருத்திவிடும். குரங்கை மேகம் மூடிய வேளையில் எடுங்கள். வானத்தின் ஒளி கண்ணில் ஒரு புள்ளியாக விழுந்தால் முகத்துக்கு உயிர் வரும். இரவில் காட்டெருமையின் மீது ஃப்ளாஷ் அடிக்கவே வேண்டாம். கண்ணின் பின்புறப் படலம் ஒளியைத் திருப்பி அனுப்பி அதைப் பேயாக்கிவிடும். மேலும், மிரண்ட விலங்கு எந்தப் பக்கம் ஓடும் என்று யாருக்கும் தெரியாது.

குரும்பப்பட்டி வாசகி:
அளவுகளைக் கூறியவர், அத்தை பதறியதற்கு விடை கூறவில்லை. உயிரியல் பூங்காவில் நான் எடுத்த புள்ளிமானின் உடலில், கடும் வெயிலால் வேலியின் நிழல் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. பார்த்தவர்கள் அதைக் கைதி என்றார்கள். மேகம் வந்து நிழல் மறைந்ததும் எடுத்த படத்தை எல்லோரும் காட்டுமான் என்றே நம்பினார்கள், வேலி சட்டகத்துக்கு வெளியே அப்படியே இருந்தபோதிலும். இதமான ஒளியே நேர்மையானது என்று இங்குப் பலரும் எண்ணுவதாகத் தோன்றுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. படம் கேட்பவர்களுக்குக் கட்டம் விழுந்ததையே அனுப்புகிறேன்.