மேல்தொண்டை லிம்போமா: கரண்ட் வைப்பதற்கு முன் பல்லைப் பிடுங்க வேண்டுமா?

குடந்தைப் பெண்:
அப்பாவுக்கு 58 வயது. சைனஸ் என்று ஆறு மாதம் மருந்து சாப்பிட்டார். மூக்கில் ரத்தம் வந்த பிறகுதான் பயாப்ஸி எடுத்தார்கள். மூக்குக்குப் பின்னால், மேல்தொண்டையில் என்.கே/டி செல் லிம்போமாவாம், ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய். முதல் நிலை. 25 நாள் ரேடியேஷன், அதாவது கரண்ட், மொத்தம் 50 கிரே (கதிரின் அளவு), அப்புறம் ஆஸ்பராஜினேஸ் என்ற கீமோ ஊசி. லிம்போமா என்றால் கீமோதானே முதலில்? வலியே இல்லாத மூன்று சொத்தைப் பல்லையும் எடுக்கச் சொல்கிறார்கள். அப்பா முடியவே முடியாது என்கிறார்.

மலைக்கோட்டை:
தங்கச்சி, 2019இல் எனக்கும் இதே நோய்தான். பல் விஷயத்தில் அப்பாவை எப்படியாவது சம்மதிக்க வையுங்கள். நான் ஒரு கடைவாய்ப் பல்லை மட்டும் விடமாட்டேன் என்று அடம்பிடித்தேன். இரண்டு வருடத்தில் அது ஆடிப்போய் எடுக்க வேண்டியதாயிற்று. கரண்ட் பட்ட தாடையில் ரத்த ஓட்டம் குறைவு, அதனால் புண் ஆறவே இல்லை. நாக்கை வைத்தால் சொரசொரவென்று எலும்பு தட்டுப்படும். எட்டு மாதம் அப்படியே இருந்தேன்.

கரண்ட் வைக்கும்போது மாட்டும் மாஸ்க் பற்றியும் முன்பே சொல்லிவிடுங்கள். வெந்நீரில் இளக்கிய வலை மாதிரி பிளாஸ்டிக்கை முகத்தில் அழுத்துவார்கள், சில நிமிடத்தில் இறுகிவிடும். தினமும் அதை மாட்டி மேஜையோடு பூட்டுவார்கள். மூச்சு விடலாம், பயமில்லை.

மூன்றாவது வாரம் ரசம்கூட நெருப்பாக எரிந்தது. குழைந்த பால்சோறு, ஆறின ராகிக்கஞ்சி, இவைதான் இறங்கின. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் ஸ்பூன் உப்பு, கால் ஸ்பூன் ஆப்பசோடா போட்டு அடிக்கடி கொப்பளிக்கச் சொல்லுங்கள். ஐந்தாவது மாதம் ஒரு காலையில் காபியின் கசப்பு நாக்கில் தெரிந்தது. அழுதுவிட்டேன்.

வார்டு செவிலி:
கீமோ கேள்விக்கு: இந்த வகை செல்கள் வழக்கமான பல லிம்போமா மருந்துகளை வெளியே தள்ளிவிடும். ஆனால் கதிருக்கு நன்றாகக் கட்டுப்படும். அதனால் ஆரம்ப நிலையில் கதிர்தான் முக்கியம். கதிர் படாத இடத்தில் நோய் தலைதூக்காமல் இருக்கத்தான் அந்த ஊசி. தாடை இறுகிவிடாமல் இருக்க, வாய் திறக்கும் பயிற்சியை முதல் நாளிலிருந்தே செய்யட்டும். பிற்பாடு தைராய்டும் பார்க்க வேண்டிவரும்.

குடந்தைப் பெண்:
அண்ணா எழுதியதை அப்பாவே இரண்டு தடவை படித்தார். ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் அவராகவே பல் டாக்டருக்குப் போன் செய்தார். திங்கட்கிழமை மூன்றையும் எடுக்கிறார்கள். புண் ஆறுவதற்காக ரேடியேஷனை இரண்டு வாரம் தள்ளி வைத்திருக்கிறார்கள்.