சௌகார்பேட்டைப் பட்டறையில் ஆறு பையன்கள்: யாரிடம் சொல்வது?

டீக்கடைக்காரன்:
சௌகார்பேட்டைப் பக்கம் எனக்கு டீக்கடை. எதிர் மாடியில் பை தைக்கும் பட்டறை, ஆறு பையன்கள். பெரியவனுக்கே பன்னிரண்டு வயது இருந்தால் அதிகம். இந்தி மட்டும்தான். ராத்திரி பதினொன்றரைக்கு ஒருவன் மட்டும் இறங்கி வந்து ஆறு பன் வாங்கிப் போவான். விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து தோல் உரிந்திருக்கும். முதலாளியிடம் பேச்சுவாக்கில் கேட்டேன், "எங்க அக்கா பசங்க" என்றார். ஆறும் ஒரே அக்காவுக்கா? நேரே மாடிக்குப் போய்க் கேட்டுவிடலாமா?

புளியந்தோப்பு அக்கா:
தம்பி, படி ஏறாதீர்கள். நான் ஏறினேன், அதனால் சொல்கிறேன். தன்னார்வலராகச் சேர்ந்த புதிது. ஒரு வளையல் பட்டறைக்குள் நுழைந்து "இவங்களுக்கு என்ன வயசு?" என்று சத்தம் போட்டேன். மறுநாள் ஆட்களோடு போனால் கதவு திறந்து கிடக்கிறது, ஈ காக்கை இல்லை. மூலையில் நான்கு அலுமினியத் தட்டுகள், ஒன்றில் பாதிச் சோறு. அந்தப் பிள்ளைகளை எங்கே கொண்டுபோனார்கள் என்று இன்றுவரை தெரியாது.

குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசுங்கள். உங்கள் பெயர் சொல்ல வேண்டியதில்லை. எத்தனையாவது மாடி, வேறு வாசல் உண்டா, எல்லோரும் எந்நேரம் உள்ளே இருப்பார்கள், இதையெல்லாம் சொல்லுங்கள். அந்த பன் கணக்கையும்தான். இடத்தை மட்டும் இதற்கு மேல் இங்கே எழுதாதீர்கள், முதலாளியும் செல்போன் வைத்திருப்பார்.

"அக்கா பசங்க" என்பது விவரம் தெரிந்தே சொல்வது. 14 வயதுக்குக் கீழே எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்ற 2016 குழந்தைத் தொழிலாளர் சட்டத் திருத்தத்திலேயே, குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போகக் கூடமாட உதவலாம் என்று ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். தாய்மாமனும் அந்தக் குடும்பத்தில் சேர்த்தி. சரி, பையன்கள் படிக்கும் பள்ளிக்கூடம் எது? அங்கேதான் மாட்டுவார்.

சென்ட்ரல் ராஜா:
அக்கா சொன்னதோடு ஒன்று. மீட்ட பிறகுதான் நிஜமான அலைச்சல். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவிடம் கொண்டுபோவார்கள். ஊரில் அப்பா வாங்கிய முன்பணத்துக்காகப் பிடித்து வைத்திருந்தால், கோட்டாட்சியரிடம் விடுவிப்புச் சான்றிதழ் வாங்கியே ஆக வேண்டும். 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடன் செல்லாது. வெறுங்கையோடு ரயில் ஏற்றினால் அதே தரகன் அதே கடனைக் காட்டி மறுபடி கூட்டி வருவான். உடனடி உதவி 30,000 ரூபாய் வரை உண்டு, வழக்கு முடியக் காத்திருக்க வேண்டாம்.

எனக்கு இந்தி தெரியும் என்பதால், மீட்ட பிள்ளைகளைத் தங்க வைக்கும் ஹோமுக்கு அவர்களோடு பேசக் கூப்பிடுவார்கள். போன முறை ஒரு பொடியன், ஊருக்கு எப்போது என்று கேட்பான் என்று பார்த்தால், "ஒன்பது மாசச் சம்பளம் யார் தருவாங்க?" என்றான்.

டீக்கடைக்காரன்:
பேசிவிட்டேன். பின்வாசல் உண்டா என்று கேட்டார்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றேன். நேற்று ராத்திரி பையன் வந்தபோது வாயே திறக்கவில்லை. ஏழு பன் கட்டிக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டுப் போனான்.